குறைபார்வைப் பிரிவுக்கு மூன்று தடவை போய் வந்தேன்: ஒரு கிளாக்கோமாக்காரனின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கண் ஆபரேஷன் பற்றிய விமர்சனம் இல்லை. டாக்டர் கைராசிக்காரரா என்கிற சமாசாரமும் இல்லை. ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் மருந்துக் கடையைத் தாண்டி, கண்ணாடிக் கடையையும் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் 'குறைபார்வை மறுவாழ்வுப் பிரிவு' என்று ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவுக்குள் மூன்று தடவை போய் வந்ததைத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம், அவ்வளவு போதும். இந்த மாதிரிப் பிரிவு பெரிய கண் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருக்கிறது, நாமாகக் கேட்டால்தான் தெரியவரும்.

எனக்கு வயது 58, பேங்கில் வேலை பார்த்து விஆர்எஸ் வாங்கியவன். கிளாக்கோமா, அதாவது கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகிற நோய் என்று 2018ல் சொன்னார்கள். ஊரிலேயே ஒரு டாக்டரிடம் ஆறு வருஷம் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போவேன், கண்ணுக்குள் இருக்கிற பிரஷரைப் பார்ப்பார், 14 என்பார், 15 என்பார், "கன்ட்ரோல்ல இருக்கு சார்" என்பார், இரண்டு சொட்டு மருந்தும் தொடரும். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன், சீட்டில் 6/6 என்று எழுதிக் கொடுப்பார், நான் அதை வீட்டில் மார்க் ஷீட் மாதிரி காட்டுவேன். 6/6 என்பது நேர் எதிரே இருக்கிற ஒரு சின்ன வட்டத்துக்கு மட்டும்தான் மார்க், சுற்றிலும் உள்ளதற்கு வேறு பரீட்சை உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காபி கொட்ட ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் காபி ஆற்றுவது என் வேலை, கல்யாணமான நாளிலிருந்து. டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு, நுரை கட்டி ஆற்றினால்தான் எனக்கே குடிக்கப் பிடிக்கும். அந்தக் காபி டம்ளரின் விளிம்பில் பட்டு என் லுங்கியில் வழிந்தது. முதல் தடவை சிரித்தோம். நாலாவது தடவை என் மனைவி, "ஏங்க, கை நடுங்குதா, சுகர் பார்த்துட்டு வாங்களேன்" என்றாள். சுகர் பார்த்தேன், சரியாக இருந்தது. கழுத்து எலும்பு என்று எக்ஸ்ரே எடுத்தேன், அதுவும் சரி. கதவின் தாழ்ப்பாளைப் பிடிக்கப் போய் விரல் மரத்தில் இடிக்கும், சாம்பார்க் கரண்டியை வாளியின் விளிம்பில் கொண்டுபோய் முட்டுவேன், பேனாவை எடுக்கப் போய்த் தட்டிவிடுவேன். வயதாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பூப்பந்து ஆடுவேன் என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த ஆட்டம் அது, பேங்க் டீமில் பின்வரிசையில் நின்று ஆடியவன் நான், ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் ஆடுவோம். மஞ்சள் கம்பளிப் பந்து, தலைக்கு மேலே வந்தால் ஒன்றைக்கூட விடமாட்டேன். இடுப்புக்குக் கீழே இறங்கினால் பந்து காணாமல் போய்விடும். மங்கலாகத் தெரிவது இல்லை, பந்தே இருக்காது, அப்புறம் முட்டிக்குப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும். கூட ஆடுகிறவர்கள் என்னை முன்வரிசைக்கு மாற்றினார்கள், பிறகு அம்பயராக மாற்றினார்கள், பிறகு நானே போகவில்லை.

கடைசியில் பஸ். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன், முடியவில்லை. முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் தோல் உரிந்தது. கண்டக்டர், "பெருசு, காலைலயே ஆரம்பிச்சாச்சா?" என்றான். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை, ஐயா.

அதற்குப் பிறகுதான் என் மகள் பிடிவாதமாக இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஃபீல்டு டெஸ்ட், அதாவது சுற்றுப் பார்வைக்கான பரீட்சை எடுத்தார்கள். வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மெஷின், அதற்குள் முகத்தை வைத்து நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் எங்காவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். வலது கண்ணின் தாளில் கீழ்ப்பாதியில் கறுப்பாக ஒரு பிறை, இடது கண்ணில் அதைவிடப் பெரிசாக இன்னொன்று. டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டி, "சார், உங்களுக்குக் கீழே இருக்கிறது தெரியறதில்ல" என்றார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், அதுதான் இந்தக் கதவுக்கான சீட்டு.

இனி விமர்சனம்.

குறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். குறைபார்வைப் பிரிவின் போர்டு, நம்புங்கள், பளபளக்கும் சில்வர் தகட்டில் சாம்பல் நிற எழுத்து. நான் அதைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே போகிற இரண்டு படியிலும் ஓரத்தில் ஒரு கோடு கிடையாது, மேலும் கீழும் ஒரே நிற கிரானைட். டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போகும்போது கொடுத்த கையேடு இங்கிலீஷில், எறும்பு எழுத்தில். இதை அங்கேயே சொன்னேன், அந்தப் பெண்ணே சிரித்துவிட்டு, "நாங்களும் மூணு தடவை எழுதிப் போட்டுட்டோம்ப்பா" என்றாள். அவள்தான் பயிற்சியாளர், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். எல்லோரையும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். இந்தப் பிரிவுக்கு நான் கொடுக்கிற மார்க் முழுக்க அவளுக்குத்தான்.

முதலில் ஒரு அட்டையைப் படிக்கச் சொன்னாள். எழுத்தெல்லாம் ஒரே அளவு, ஆனால் கீழே போகப் போக வெளிறிக்கொண்டே வரும். கறுப்பெழுத்தில் புலியாக இருந்தவன் இதில் பாதியிலேயே படுத்துவிட்டேன். நிறத்துக்கு நிறம் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கிற திறனும் இந்த நோயில் குறைந்துவிடும் என்றாள். அப்புறம் கேட்டாள், "உங்க வீட்ல டம்ளர் என்னப்பா? டபரா? வைக்கிற தட்டு?" எல்லாம் எவர்சில்வர். சில்வர் மேல் சில்வர், அதன் மேல் சில்வர். விளிம்பு எங்கே என்று கண் எப்படிக் கண்டுபிடிக்கும்?

பிறகுதான் அசல் சமாசாரம். சாம்பல் நிற மேஜை விரிப்பின் மேல் ஒரு ரூபாய் நாணயங்கள், பேனா மூடி, மாத்திரை அட்டை, ஒரு சாவி எல்லாம் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். செல்போனில் என் கையை மட்டும் வீடியோ எடுத்தாள். திரும்பப் போட்டுக் காட்டியபோது அது என் கையா என்று இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்குகிறது. நாணயத்துக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு விரல்களை விரித்துக்கொண்டு போகிறது. கடைசி ஒரு அங்குலத்தில் வேகம் செத்துப் போய், விரல் மேஜையைத் தடவித் தடவி நாணயத்தைத் தேடுகிறது. இருட்டில் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற கை அப்படித்தான் போகும். நானோ விளக்கு வெளிச்சத்தில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நாணயத்தைப் பார்த்துக்கொண்டே தேடுகிறேன்.

அவள் சொன்ன விளக்கத்தை என் வார்த்தையில் எழுதுகிறேன். நாம் ஒரு பொருளை எடுக்கும்போது பொருளைத்தான் பார்க்கிறோம், கையைப் பார்ப்பதில்லை. கை கீழேயிருந்து, பார்வையின் ஓரத்து வழியாக நுழைகிறது, அந்த ஓரப் பார்வைதான் 'கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் முன்னால்' என்று கையைத் திருத்திக்கொண்டே வருகிறது. எனக்கு அந்த ஓரம்தான் பிறை விழுந்த இடம். கை வருகிற வழி இருட்டு, கடைசியில் பொருளுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்கு ஆஜராகிறது. போதாததற்கு இரண்டு கண்ணிலும் சேதம் ஒரே அளவில் இல்லை, அதனால் தூரத்தைக் கணக்குப் போடுவதும் தப்புகிறது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். லண்டனில் 2009ல் இதே விஷயத்தை கேமரா வைத்து அளந்திருக்கிறார்கள். கிளாக்கோமா உள்ளவர்களின் கை கிளம்புவதற்கே சுமார் பத்தில் ஒரு விநாடி கூடுதலாக எடுக்கிறது, போய்ச் சேரவும் கூடுதல் நேரம் ஆகிறது, பிடிக்கும்போது தயக்கம் தெரிகிறது. பத்தில் ஒரு விநாடி என்ன பெரிய விஷயம் என்பவர்கள் பூப்பந்து ஆடிப் பார்க்கட்டும்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் புரிந்தது. கிளாக்கோமா என்றால் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி சுற்றிலும் கறுப்பாக ஒரு படம் போடுவார்களே, எனக்கு ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை, அதனாலேயே நமக்கு முற்றவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி நோயாளிகளுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லையாம். 2013ல் 50 நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டிக் கேட்ட ஒரு ஆய்வில் கறுப்புக் குழாயை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பாதிக்கு மேல் மங்கல் என்றார்கள், கால்வாசிப் பேர் ஒரு குறையும் தெரியவில்லை என்றே சொல்லிவிட்டார்கள். இல்லாத இடத்தை மூளை பக்கத்து நிறத்தை வைத்துப் பூசி மெழுகிவிடுகிறது. தரை தெரிகிற இடத்தில் தரையையே பூசுகிறது, அந்தத் தரையில் கிடக்கிற செருப்பை விட்டுவிடுகிறது. சென்னையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நடந்த கணக்கெடுப்பில், இந்த நோய் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தங்களுக்கு இருப்பதே தெரியாமல்தான் இருந்தார்கள் என்று படித்தபோது ஆச்சரியப்படவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, "நீயும் போய்ப் பார், கூடப் பிறந்தவனுக்கும் வர வாய்ப்பு அதிகமாம்" என்றேன். அவன் அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றான், நாலு மாதம் ஆகிறது.

இரண்டாவது தடவை நடை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, மிதியடி எல்லாம் தாறுமாறாகப் போட்டு நடக்கச் சொன்னாள். நல்ல கண் உள்ளவர்கள் கீழே பார்த்து நடப்பதில்லை, இரண்டடிக்கு முன்னால் உள்ள படி ஓரப் பார்வையிலேயே பதிந்துவிடும், கால் தானாக அளந்து வைக்கும். எனக்கு அது நடக்காததால் தலையைக் குனிந்தே நடக்கப் பழகியிருந்தேன். குனிந்து நடந்தால் எதிரே வருகிறவர் மேல் மோதுகிறேன், கடைகளின் தொங்கு போர்டில் நெற்றி இடிக்கிறது. அவள் சொல்லிக்கொடுத்தது இதுதான்: நின்று, தூரத்திலிருந்து காலடி வரைக்கும் தலையை அசைத்து ஒரு தடவை பெருக்குகிற மாதிரி பார்க்க வேண்டும், இடமிருந்து வலம் இன்னொரு தடவை, அப்புறம் ஐந்தாறு அடி நட. திரும்பப் பார், திரும்ப நட. கேட்க ரொம்பச் சாதாரணம். ஆனால் பேசிக்கொண்டே நடக்கும்போது மறந்துவிடுகிறது, அதனால் படியில் பேசவே கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

படியில் என் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். நான் போட்டிருந்தது கீழ்ப்பாதி படிக்கிற பவர் உள்ள பைஃபோகல். கீழே பார்த்தால் அந்தப் படிக்கிற வில்லை வழியாகத்தான் படியைப் பார்க்கிறோம், எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கான பவர் காலடிக்கு எப்படிப் பொருந்தும், படி குழம்பித்தான் தெரியும். இருக்கிற கொஞ்சம் கீழ்ப்பார்வையையும் கண்ணாடி கெடுத்துக்கொண்டிருந்தது. நடக்கத் தனியாகத் தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்று, படிக்கத் தனியாக ஒன்று என்று மாற்றினேன். 1,100 ரூபாய் செலவு. இந்த மூன்று தடவையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் இதற்கே செலவழிப்பேன்.

வண்டி ஓட்டுவது பற்றி அவளாகவே கேட்டாள். நான் மழுப்பினேன். கனடாவில் 2007ல் வந்த ஒரு ஆய்வைச் சொன்னாள். கிளாக்கோமா உள்ளவர்கள் கீழே விழுவது மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல், வண்டி மோதல் ஆறு மடங்குக்கு மேல். "உங்களுக்காக இல்லப்பா, குறுக்கே ஓடி வர்ற குழந்தைக்காக" என்றாள். கும்பேஸ்வரர் கோயில் வீதியில் போன மாசம் சைக்கிளில் குறுக்கே வந்த ஒரு பையனை நான் பார்க்கவேயில்லை, அவன்தான் என்னைப் பார்த்து விலகினான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று மணி நேரமும் அதே யோசனைதான். டிவிஎஸ் 50ஐ அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன், கொடுக்கும்போது டேங்க் நிரப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவது தடவை மனைவியையும் அழைத்துவரச் சொன்னாள். நியாயமான யோசனை, வீட்டில் பொருளை இடம் மாற்றி வைக்கிறவள் அவள்தானே. எனக்கு ஒரு சின்னச் சமையல் மேஜையில் காபி ஊற்றுவதற்குப் பாடம். முதலில் எடுக்க வேண்டிய பொருளைப் பார், அப்புறம் கை. இடது கையால் டம்ளரைப் பிடி, பாத்திரத்தின் மூக்கு டம்ளர் விளிம்பில் தட்டும் சத்தம் கேட்ட பிறகு சாய். உயரத் தூக்கி ஆற்றுவது கிடையாது. பால் காபிக்கு அடர்ந்த நிறக் கப், டிகாஷனுக்கு வெள்ளைக் கிண்ணம், இரண்டுக்கும் அடியில் வேறு நிறத்தில் ஒரு தட்டு. நான் முரண்டு பிடித்தேன், பீங்கான் கப்பில் காபி குடிக்க நான் என்ன ஆபீசரா என்று. கடைசியில் சமாதானமாகப் போனது இப்படி: டபரா டம்ளர் அப்படியே, அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ட்ரே, டம்ளர் வாயைச் சுற்றி வெளிப்பக்கம் சிவப்பு டேப் ஒரு சுற்று. நுரை குறைவுதான். லுங்கி சுத்தமாக இருக்கிறது.

சொட்டு மருந்து போடுவதுகூடக் கையும் கண்ணும் சேருகிற வேலைதான் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. பாட்டில் கண்ணுக்கு நேரே வரும்போது அதன் நுனி தெரியாது, கன்னத்தில் ஒன்று, இமையில் ஒன்று என்று போய், மாதக் கடைசிக்கு முன்னாலேயே பாட்டில் தீர்ந்துவிடும். படுத்துக்கொண்டு, பாட்டில் பிடித்த கையின் விரல் முட்டியை நெற்றியில் ஊன்றிக்கொண்டு போடச் சொன்னாள். ஒரு சொட்டே கண்ணுக்கு அதிகம், இரண்டாவது வழிந்துதான் போகும். போட்ட பிறகு மூக்கோரக் கண் மூலையை இரண்டு நிமிஷம் அமுக்க வேண்டும், அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் இடைவெளி. என் மருந்தில் ஒன்று டைமோலால், அது மூக்கு வழியாக ரத்தத்தில் இறங்கினால் இதயத் துடிப்பைக் குறைக்கும், எழுந்ததும் தலை சுற்றல் வரலாம். எனக்கு விடியற்காலையில் லேசாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன், மருந்தை மாற்றிக் கொடுத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆஸ்துமா இருந்தால் மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வாங்கின சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. படி ஓரத்துக்கு மஞ்சள் டேப், 180 ரூபாய், வாசல் கழுவிக் கழுவி ஒரே மாதத்தில் உரிந்துவிட்டது, இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டேன், அதுதான் சரி. ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற சின்ன விளக்கு இரண்டு, பாத்ரூம் போகிற வழியில், பிரமாதம், பூனைக்கும் எரிகிறது என்பதுதான் தொல்லை. வெயில் கூச்சத்துக்கு மஞ்சள் கண்ணாடி 450, எனக்குப் பெரிதாக உதவவில்லை, கோயிலுக்குள் வெயிலிலிருந்து இருட்டு மண்டபத்துக்கு நுழையும்போது கழற்ற மறந்தால் இன்னும் மோசம். அதைவிட நுழைவாயிலில் தூணைப் பிடித்துக்கொண்டு கண் பழகுகிற வரைக்கும் நிற்பது மேல்.

அப்புறம் மடக்குக் கோல். வெள்ளை, அடியில் சிவப்பு, நாலு துண்டு, உள்ளே எலாஸ்டிக் கயிறு, உதறினால் 'டக் டக்' என்று தானே நிமிர்ந்துவிடும். 350 ரூபாய். நின்றால் நெஞ்செலும்பு வரைக்கும் வர வேண்டும் என்று அளந்து கொடுத்தாள். இடது கால் முன்னால் போகும்போது வலப்பக்கம் தட்ட வேண்டும், வலது கால் போகும்போது இடப்பக்கம், அடுத்த அடி விழப்போகிற இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவிடும். எனக்கு எந்தப் பிறை மறைக்கிறதோ அந்த இடத்துக்குத்தான் கோல். வராந்தாவில் அதை வைத்து நடந்தபோது முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து நடந்தேன், எதிர் சுவரில் ஒரு காலண்டர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை தெரிந்தும் எங்கள் தெருவில் அதை எடுத்துக்கொண்டு போக மனசு வரவில்லை. 6/6 வைத்திருக்கிற ஆள், ஹிந்து பேப்பர் படிக்கிற ஆள், குருடன் கோலோடு போனால் நாலு பேர் நடிக்கிறான் என்பார்களே என்று ஒரு கூச்சம். அவளிடம் சொன்னேன். "குடிச்சிட்டு வந்தீங்கன்னு சொன்னாங்களே, அதுக்கு இது தேவலை இல்லையாப்பா?" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலரை. அரை மார்க் அந்த சில்வர் போர்டுக்காகவும் கையேட்டுக்காகவும் குறைத்தேன், வரவேற்பில் இருந்த ஆள் "கண் தெரியறவங்களுக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்டதற்கும் சேர்த்து. பதிவுக்கு 100 ரூபாய், பயிற்சிக்கு ஒரு பைசா வாங்கவில்லை. போகிறவர்கள் பழைய ஃபீல்டு டெஸ்ட் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், போட்டிருக்கிற கண்ணாடி, தினமும் தடுமாறுகிற ஒரு பொருள் (நான் டம்ளர் கொண்டுபோனேன்), வீட்டு ஆள் ஒருவர். காலை எட்டு மணிக்கு முன்னால் டோக்கன் வாங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். பார்வைப் பரப்பு 40 டிகிரிக்கும் கீழே சுருங்கியிருந்தால் சட்டப்படி குறைபார்வைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் அங்கேதான் சொன்னார்கள், எனக்கு இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

கோல் இப்போது வாசல் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. போன வாரம் என் மனைவி அதை வைத்து முருங்கைக்காய் தட்டிக்கொண்டிருந்தாள், பிடுங்கித் துடைத்து வைத்தேன். நேற்று ராத்திரி கரண்ட் போனபோது யாரும் பார்க்கவில்லை என்று தைரியமாக எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடை வரைக்கும் போய்ப் பால் வாங்கி வந்தேன். பகலில் எடுத்துக்கொண்டு போனால் வந்து எழுதுகிறேன்.